மூன்று சிமிட்டல் போதுமா? லேன் மாறும்போது தானே அணையும் இண்டிகேட்டரின் கணக்கு

இண்டிகேட்டர் லிவரை முழுக்கத் தள்ளாமல் விரலால் லேசாகத் தட்டினால் விளக்கு மூன்று முறை சிமிட்டிவிட்டுத் தானே நின்றுவிடுகிறது. அண்மைக்காலத்தில் வந்த பல கார்களில் இந்த வசதி உண்டு. பழைய காரில் பழகிய கைக்கு இது கோளாறு போலத் தெரியும். கோளாறு இல்லை என்று தெரிந்த பிறகு, அடுத்த சந்தேகம் வரும்: நெடுஞ்சாலையில் லேன் மாற இந்த ஒரு தட்டு போதுமா? ஸ்டீயரிங்கைத் தானே பிடித்து இழுக்கும் ஓட்டுநர் உதவிக் கருவிகள் கொண்ட கார்கள் பெருகிவிட்டதால், இந்தக் கேள்விக்கு இப்போது கனம் கூடியிருக்கிறது.

பதிலை முதலிலேயே சொல்லிவிடலாம். இண்டிகேட்டரை அணைக்க மறந்துபோகும் சிக்கலுக்கு இது நல்ல தீர்வு. பின்னால் வருபவரை எச்சரிக்கும் வேலைக்கு மூன்று சிமிட்டல் போதாது. ஏன் என்பதை இண்டிகேட்டரின் உள்ளமைப்பிலிருந்து பார்ப்போம்.

ஸ்டீயரிங்குக்குப் பின்னால் ஒரு சின்னப் புடைப்பு

முனையில் திரும்பி முடித்ததும் இண்டிகேட்டர் தானே அணைவது நமக்குப் பழகிப்போன ஒன்று. 1939-இல் பியூக் கார்களில் சிமிட்டும் இண்டிகேட்டர் வந்தது. மறு ஆண்டே, திரும்பியதும் தானே அணையும் பொறிமுறையையும் அந்த நிறுவனம் சேர்த்தது. அடிப்படை ஏற்பாடு இன்றைக்கும் பெரிதாக மாறவில்லை.

லிவரை வலப்பக்கத்துக்குப் போட்டதும், ஒரு சின்ன பிளாஸ்டிக் நாக்கு ஸ்பிரிங் விசையால் ஸ்டீயரிங் தண்டை நோக்கி நீள்கிறது. தண்டோடு சேர்ந்து சுழலும் வளையத்தில் ஒரு புடைப்பு இருக்கிறது. வலப்பக்கம் திருப்பும்போது அந்தப் புடைப்பு நாக்கை மடக்கிவிட்டுக் கடந்து போகும், லிவர் அசையாது. திரும்பி முடித்து ஸ்டீயரிங்கை நேராக்கும்போது அதே புடைப்பு எதிர்த் திசையிலிருந்து வந்து நாக்கில் முட்டும். இந்தப் பக்கம் நாக்கு மடங்க வழி கிடையாது. அதனால் அது லிவரை, மாட்டிக்கொண்டிருந்த பள்ளத்திலிருந்து வெளியே தள்ளிவிடும். ‘டக்’ என்று லிவர் நடுவுக்கு வந்துவிடும்.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று. புடைப்பு நாக்கைத் தாண்டிப் போனால்தான் திரும்பி வரும்போது தள்ள முடியும். அதற்கு ஸ்டீயரிங் கணிசமான அளவு சுழல வேண்டும்.

லேன் மாறும்போது ஏன் அணைவதில்லை

நம் தேசிய நெடுஞ்சாலைகளில் ஒரு லேனின் அகலம் பொதுவாக 3.5 மீட்டர். மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில், பதற்றமில்லாமல் ஐந்து விநாடியில் பக்கத்து லேனுக்கு நகர்வதாக வைத்துக்கொள்வோம். அதற்கு ஸ்டீயரிங்கை எவ்வளவு திருப்ப வேண்டியிருக்கும்?

முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் இடையே 2.6 மீட்டர் நீளமுள்ள, ஸ்டீயரிங் விகிதம் 15-க்கு 1 என்று உள்ள (ஸ்டீயரிங்கை 15 டிகிரி சுழற்றினால் முன் சக்கரம் 1 டிகிரி திரும்பும்) ஒரு சாதாரண காரை எடுத்துக் கணக்குப் போட்டால், விடை பத்து டிகிரிக்குள் அடங்கிவிடுகிறது. கடிகார முள் இரண்டு நிமிடம் நகரும் தூரம்கூட இல்லை. அதே காரைப் பத்து மீட்டர் ஆரமுள்ள தெருமுனையில் திருப்ப இருநூறு டிகிரிக்கு மேல் சுழற்ற வேண்டும்.

பத்து டிகிரி அசைவில் புடைப்பு நாக்கின் பக்கமே போவதில்லை. ஆகவே லிவரை முழுக்கத் தள்ளி லேன் மாறினால், அதைக் கையால்தான் அணைக்க வேண்டும். மறந்துவிட்டால் இண்டிகேட்டர் கிலோமீட்டர் கணக்கில் சிமிட்டிக்கொண்டே போகும். அதைப் பார்த்துவிட்டு எதிரே இருப்பவர் ‘இவர் திரும்பப் போகிறார்’ என்று நம்பிச் சாலைக்குள் நுழைந்தால் என்ன ஆகும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

இந்த மறதி அரிதானது அல்ல. ரிச்சர்ட் போன்சியானி என்ற பொறியாளர் அமெரிக்காவில் 12,000 வாகனங்களைக் கவனித்து 2012-இல் ஒரு ஆய்வை வெளியிட்டார். லேன் மாறியவர்களில் 48 விழுக்காட்டினர் இண்டிகேட்டரைப் போடவே இல்லை, அல்லது போட்டுவிட்டு அணைக்கவில்லை. முனையில் திரும்பியவர்களிடம் இது 25 விழுக்காடுதான். தானே அணையும் பொறிமுறை முனையில் வேலை செய்கிறது, லேன் மாற்றத்தில் வேலை செய்வதில்லை என்பதையும் இந்த இரண்டு எண்களோடு சேர்த்துப் பார்க்க வேண்டும்.

லேசான தட்டு எப்படி வேலை செய்கிறது

லிவருக்கு ஒவ்வொரு பக்கமும் இரண்டு நிலைகள் உண்டு. லேசாக அழுத்தினால் ஒரு தடை தட்டுப்படும். விட்டால் லிவர் நடுவுக்குத் திரும்பிவிடும். அந்தத் தடையையும் தாண்டி அழுத்தினால் பள்ளத்தில் விழுந்து அங்கேயே நிற்கும்.

ரிலே என்ற மின்சுவிட்ச் விளக்கைச் சிமிட்ட வைத்த காலத்திலும் முதல் நிலை இருந்தது. லிவரைப் பிடித்துக்கொண்டிருக்கும் வரை சிமிட்டும், விட்டால் நிற்கும். அவ்வளவுதான். விளக்குகளைப் பாடி கண்ட்ரோல் மாட்யூல் என்ற மின்னணுப் பெட்டி ஆளத் தொடங்கிய பிறகுதான் எண்ணும் வசதி வந்தது. ஹெட்லைட், கதவுப் பூட்டு, வைப்பர் முதலிய வேலைகளையும் இதே பெட்டிதான் பார்த்துக்கொள்கிறது. அதற்கு லிவர் அனுப்புவது ஒரு சிறு சிக்னல் மட்டுமே: ‘வலப்பக்கத் தொடர்பு மூடியது, திறந்தது’. மூடியிருந்த நேரம் ஒரு விநாடிக்கும் குறைவு என்றால் அதை ‘தட்டு’ என்று எடுத்துக்கொண்டு, வைத்திருக்கும் எண்ணிக்கை முடியும் வரை விளக்கைச் சிமிட்ட வைக்கிறது. பல கார்களில் இப்போது காதில் விழும் ‘டிக் டிக்’ ஓசைகூட ரிலேயின் ஓசை இல்லை, ஸ்பீக்கரிலிருந்து வருவது.

பெரும்பாலான கார்கள் பின்பற்றும் முறை இது:

1. தட்டி விட்டால் மூன்று சிமிட்டல்.
2. தட்டிய நிலையிலேயே பிடித்திருந்தால், பிடித்திருக்கும் வரை சிமிட்டல். விட்டால் நின்றுவிடும்.
3. சிமிட்டிக்கொண்டிருக்கும்போது எதிர்ப்பக்கம் தட்டினால் நின்றுவிடும்.

இந்த மூன்றாவது விதியில் கார்களுக்குள் ஒற்றுமை இல்லை. சிலவற்றில் எதிர்த் தட்டு அணைத்தலோடு நிற்காமல் எதிர்ப்பக்க இண்டிகேட்டரையே போட்டுவிடும். 2000-களின் முற்பாதியில் பி.எம்.டபிள்யூ தன் 5 சீரிஸில், முழுக்கத் தள்ளினாலும் நடுவுக்கே திரும்பிவிடும் லிவரைக் கொண்டுவந்தது. இண்டிகேட்டர் போட்டிருக்கிறதா இல்லையா என்று லிவரின் நிலையை வைத்துக் கை அறிந்துகொள்ள முடியாமல் போயிற்று. அணைக்கப் போய் எதிர்ப்பக்கம் போட்டுவிட்டுத் தடுமாறியவர்கள் ஏராளம். லிவர் விழுந்து நிற்கும் அந்தப் பள்ளம், பார்க்காமலே நிலைமையைத் தெரிந்துகொள்ள விரலுக்குக் கிடைத்த வசதி. அதை எடுத்துவிட்டது நல்ல வடிவமைப்பு இல்லை.

லிவர் எந்தப் பக்கம் என்பதும் கொஞ்சம் முக்கியம். மாருதி, ஹூண்டாய், டொயோட்டா, ஹோண்டா கார்களில் இந்தியாவில் இண்டிகேட்டர் வலக்கைப் பக்கம். ஃபோக்ஸ்வாகன், ஸ்கோடா கார்களில் இடக்கைப் பக்கம். கியர் மாற்றுவதும் இடக்கை என்பதால், ஓவர்டேக் செய்யக் கியரைக் குறைக்கும் அதே நொடியில் இண்டிகேட்டரையும் தட்ட வேண்டியவருக்கு ஒரே கைக்கு இரண்டு வேலை. வண்டி மாற்றி ஓட்டுபவர்கள் இண்டிகேட்டருக்குப் பதில் வைப்பரைப் போட்டுவிடுவதும் இப்படி லிவர் பக்கம் மாறியிருப்பதால்தான்.

மூன்று சிமிட்டல் என்பது எத்தனை விநாடி

சிமிட்டும் வேகத்துக்குச் சட்ட வரம்பு இருக்கிறது. இந்தியாவின் மத்திய மோட்டார் வாகன விதிகளின்படி நிமிடத்துக்கு 60-க்குக் குறையாமலும் 120-க்கு மேற்படாமலும் சிமிட்ட வேண்டும். ஐ.நா. ஒழுங்குவிதி 48-உம் 90-ஐ நடுவில் வைத்து முப்பது கூட்டி, முப்பது குறைத்து அதே வரம்பைத்தான் சொல்கிறது.

நிமிடத்துக்கு 90 என்று எடுத்துக்கொள்வோம். ஒரு சிமிட்டலுக்கு, அதாவது ஒருமுறை எரிந்து அணைவதற்கு, மூன்றில் இரண்டு பங்கு விநாடி. எரிவது பாதி நேரம், அணைந்திருப்பது பாதி நேரம் என்றால், முதல் ஒளி தோன்றியதிலிருந்து கடைசி ஒளி மறையும் வரை ஆகும் நேரமும், அதற்குள் கார் கடக்கும் தூரமும் இப்படி வரும்:

- 3 சிமிட்டல்: 1.7 விநாடி. மணிக்கு 80 கி.மீ. வேகத்தில் 37 மீட்டர். 100-இல் 46 மீட்டர்.
- 5 சிமிட்டல்: 3 விநாடி. 80-இல் 67 மீட்டர். 100-இல் 83 மீட்டர்.
- 7 சிமிட்டல்: 4.3 விநாடி. 80-இல் 96 மீட்டர்; 100-இல் 120 மீட்டர்.

மூன்று சிமிட்டலின் 1.7 விநாடியில் விளக்கு உண்மையில் எரிவது ஒரே ஒரு விநாடி. பின்னால் வருபவர் அந்த நேரத்தில் தன் பக்கக் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டிருந்தால் இண்டிகேட்டர் போட்டதே அவருக்குத் தெரியாது. தெரிந்தாலும், பார்த்ததைப் புரிந்துகொண்டு பிரேக்கில் கால் வைக்க ஒன்று முதல் ஒன்றரை விநாடி ஆகும்.

இப்போது லேன் மாற்றம் முழுவதற்கும் எவ்வளவு வேண்டும் என்று பாருங்கள். நகரத் தொடங்கும் முன் அறிவிப்புக்கு மூன்று விநாடி. நகர்ந்து முடிக்க நான்கு முதல் ஆறு விநாடி. நகர்வின் கடைசிப் பகுதியில் இண்டிகேட்டர் அணைந்துவிட்டாலும் பரவாயில்லை என்று விட்டுக்கொடுத்தால்கூட மொத்தம் ஆறு முதல் எட்டு விநாடி தேவை. சிமிட்டல் கணக்கில் ஒன்பது முதல் பன்னிரண்டு. எந்த அமைப்பில் வைத்தாலும் ஒரே தட்டு இதை எட்டாது. ஏழு சிமிட்டல்கூட எட்டாது.

முன்னறிவிப்புக்கு மூன்று விநாடி என்பது குத்துமதிப்பான எண் இல்லை. தானே லேன் மாறும் கார்களுக்கான ஐ.நா. ஒழுங்குவிதி 79, இண்டிகேட்டர் போட்டதிலிருந்து குறைந்தது மூன்று விநாடி கழித்துத்தான் கார் கோட்டைத் தாண்டத் தொடங்கலாம் என்கிறது. ஐந்து விநாடிக்கு மேலும் தாமதிக்கக் கூடாது. மாறி முடிக்கும் வரை இண்டிகேட்டர் எரிந்துகொண்டே இருக்க வேண்டும். புது லேனில் கார் நிலைகொண்ட அரை விநாடிக்குள் அணைய வேண்டும். எந்திரத்துக்கு இவ்வளவு கறாராக எழுதி வைத்த விதியை மனிதர் ஓட்டும்போது 1.7 விநாடியாகக் குறைத்துக்கொள்வதில் நியாயமில்லை.

தட்டைச் சரியாகப் பயன்படுத்தும் வழி

இந்தக் குறையை வண்டியில் எதையும் மாற்றாமலே சரிசெய்யலாம்.

1. முதலில் அமைப்பைப் பாருங்கள். ஹூண்டாய், கியா கார்கள் பலவற்றில் திரையின் செட்டிங்ஸ் பகுதியில் ‘லைட்ஸ்’ என்பதன் கீழ் ஒருதட்டு இண்டிகேட்டரை நிறுத்தி வைக்கவோ 3, 5, 7 என்று மாற்றவோ வழி இருக்கிறது. இருந்தால் 5-இல் வையுங்கள். முன்னறிவிப்புக்கு வேண்டிய மூன்று விநாடி அப்படியே கிடைத்துவிடும். ஃபோக்ஸ்வாகன் குழும கார்களில் இந்த எண்ணை டயக்னாஸ்டிக் கருவியை மாட்டித்தான் மாற்ற முடியும். அனுபவமுள்ளவரிடம் மட்டும் கொடுங்கள்.

2. வண்டியை நிறுத்தி வைத்து ஒரு சோதனை. வலப்பக்கம் தட்டுங்கள், இரண்டாவது சிமிட்டலில் மறுபடி அதே பக்கம் தட்டுங்கள். எண்ணிக்கை முதலிலிருந்து தொடங்குகிறதா, அல்லது இரண்டாவது தட்டைக் கண்டுகொள்ளாமல் மூன்றோடு நின்றுவிடுகிறதா? பிறகு எதிர்ப்பக்கம் தட்டிப் பாருங்கள்: அணைகிறதா, எதிர்ப்பக்கம் எரிகிறதா? இந்த இரண்டும் காருக்குக் கார் மாறும். ஓடும்போது கண்டுபிடிக்க வேண்டிய விஷயங்கள் இல்லை.

3. லேன் மாறும்போது வரிசை இதுதான்: உள் கண்ணாடி, பக்கக் கண்ணாடி, முதல் தட்டு, தோளுக்கு மேல் ஒரு பார்வை, பிறகு ஸ்டீயரிங்கை அசைக்கும் அதே நொடியில் இரண்டாம் தட்டு. முதல் தட்டு அறிவிப்பு. இரண்டாம் தட்டு நகர்வு நடக்கிறது என்பதற்கான அடையாளம். ஐந்து சிமிட்டலில் வைத்திருந்தால் இரண்டு தட்டில் ஆறு விநாடி கிடைக்கிறது.

4. நெரிசலில், சுங்கச்சாவடியை நெருங்கும்போது, அல்லது இடம் கிடைக்கக் காத்திருக்க வேண்டிய இடங்களில் தட்டு வேண்டாம். லிவரை முழுக்கத் தள்ளி, மாறி முடித்ததும் கையால் அணையுங்கள். மூன்று முறை சிமிட்டி நின்றுபோன வண்டியைப் பார்ப்பவர், ஓட்டுநர் மனம் மாறிவிட்டார் என்றே நினைப்பார்.

லாரிக்குப் பின்னால் மணிக்கு 60-இல் போய்க்கொண்டிருக்கும் கார், ஓவர்டேக் செய்ய வலது லேனுக்கு வருகிறது என்று வைத்துக்கொள்வோம். அந்த லேனில் பின்னாலிருந்து 100-இல் இன்னொரு கார் வருகிறது. இரண்டுக்கும் இடையிலான தூரம் ஒவ்வொரு விநாடியும் 11 மீட்டர் குறைகிறது. மூன்று விநாடி முன்னறிவிப்பு என்றால், பின்னால் வருபவருக்கு 33 மீட்டர் முன்பே விஷயம் தெரிந்துவிடும். 1.7 விநாடி என்றால் 19 மீட்டர். நடுவில் இருக்கும் 14 மீட்டர் மூன்று கார்களின் நீளம்.

ஸ்டீயரிங் ஏன் எதிர்த்து இழுக்கிறது

லேன் கீப் அசிஸ்ட் என்ற வசதி காரின் முன்கண்ணாடியின் மேற்பகுதியில் இருக்கும் கேமராவால் வெள்ளைக் கோடுகளைப் பார்த்துக்கொண்டே இருக்கிறது. கார் கோட்டை நோக்கி ஒதுங்கினால் ஸ்டீயரிங்கை மெல்லத் திருப்பி உள்ளே கொண்டுவரும். ஓட்டுநர் கண் அயர்ந்து ஒதுங்குகிறாரா, தெரிந்தே லேன் மாறுகிறாரா என்பதைத் தெரிந்துகொள்ள அதனிடம் இருக்கும் முக்கியத் தடயம் இண்டிகேட்டர்தான். இண்டிகேட்டர் எரிந்தால் அந்தப் பக்கம் தலையிடாது.

ஒரே தட்டில் மூன்று சிமிட்டல் முடிந்த பிறகு சக்கரம் கோட்டைத் தொட்டால், கேமராவைப் பொறுத்தவரை இது அறிவிப்பில்லாத விலகல். ஸ்டீயரிங் எதிர்ப்பக்கம் இழுக்கும், அல்லது பீப் ஒலி வரும். ‘கார் லேன் மாற விடாமல் சண்டை போடுகிறது’ என்ற புகாருக்கு இது ஒரு முக்கியக் காரணம். சிலர் எரிச்சலில் அந்த வசதியையே அணைத்து வைத்துவிடுகிறார்கள். மருந்து அது இல்லை. கோட்டைத் தாண்டும் நேரத்தில் இண்டிகேட்டர் எரிந்துகொண்டிருந்தால் சண்டையே வராது. ஸ்டீயரிங்கில் வரும் இழுப்பும் கையால் எளிதாக மீறக்கூடிய அளவுதான். பதறி வேகமாக எதிர்த்துத் திருப்புவதுதான் ஆபத்து.

பக்கக் கண்ணாடியில் தெரியாத இடத்தில் வரும் வண்டியைக் காட்டிக்கொடுக்கும் பிளைண்ட் ஸ்பாட் எச்சரிக்கையும் இண்டிகேட்டரோடு பிணைந்தது. பக்கத்தில் வண்டி இருந்தால் கண்ணாடியில் ஒரு விளக்கு எரியும். அந்தப் பக்கம் இண்டிகேட்டரும் போட்டிருந்தால்தான் அது சிமிட்டி, ஒலியெழுப்பி எச்சரிக்கையைக் கூட்டும். சில கார்களில் பக்கக் கேமராவின் படம் மீட்டர் திரையில் தெரிவதும் இண்டிகேட்டர் எரியும் வரைதான். மூன்று சிமிட்டலோடு இந்தக் காவலும் விலகிக்கொள்கிறது.

கார் தானே அணைக்கட்டும். தானே போட முடியுமா?

எண்ணிக்கையை விட்டுவிட்டு, லேன் மாறி முடித்ததைக் கண்டறிந்து அணைப்பதுதான் சரியான தீர்வு. டெஸ்லா கார்களில் இது இருக்கிறது. கேமரா கோட்டைப் பார்க்கிறது, கார் அதைத் தாண்டிப் புது லேனில் நேரானதும் இண்டிகேட்டர் அணைகிறது. ஸ்டீயரிங் கோண உணரியை வைத்தும் ஓரளவு ஊகிக்கலாம். லேன் மாற்றத்தில் ஸ்டீயரிங் ஒரு பக்கம் சில டிகிரி போய், பிறகு எதிர்ப்பக்கம் சில டிகிரி வந்து, நேராகும். ஆனால் சாலை வளைவில் அந்தத் தடம் கலைந்துவிடும். குழியைத் தவிர்க்க ஒதுங்கித் திரும்பினாலும் அதே தடம்தான் வரும். ஆகவே கேமரா இல்லாமல் நம்பகமாகச் செய்வது கடினம். கேமராவுக்கோ கோடு தெரிய வேண்டும். மேல்பூச்சு போட்டுக் கோடு வரையாமல் விட்ட சாலையிலும், கோடு தேய்ந்துபோன சாலையிலும், மழை இரவில் எதிர் வெளிச்சத்திலும் அது கண்ணைக் கட்டிவிட்டதற்குச் சமம்.

தானே போடுவது வேறு கதை. இண்டிகேட்டர் சொல்ல வேண்டியது ‘நான் மாறப் போகிறேன்’ என்பதை. உணரிகளால் அறிய முடிந்ததோ ‘மாறிக்கொண்டிருக்கிறேன்’ என்பதை மட்டும்தான். கார் கோட்டைத் தொட்ட பிறகு எரியும் விளக்கு, பின்னால் வருபவர் ஏற்கெனவே கண்ணால் பார்த்துவிட்டதைத்தான் மறுபடி சொல்கிறது. காரே முடிவெடுத்து லேன் மாறும்போது மட்டும், முடிவு அதனிடமே இருப்பதால், இண்டிகேட்டரையும் அதனால் முன்கூட்டிப் போட முடியும். மனிதர் ஓட்டும்போது எண்ணம் விரலிலிருந்துதான் வர வேண்டும்.

அந்த விரலுக்கு இடம் வேண்டும் என்பதைச் சில நிறுவனங்கள் மறந்தன. டெஸ்லா 2021-இல் மாடல் எஸ், எக்ஸ் கார்களிலும், 2023-இல் மாடல் 3-இலும் லிவரை எடுத்துவிட்டு ஸ்டீயரிங் சக்கரத்தில் பொத்தான்களை வைத்தது. சக்கரம் திரும்பும்போது பொத்தானும் இடம் மாறும். ரவுண்டானாவில் பாதி திரும்பிய நிலையில் இடது பொத்தான் எங்கே என்று தேட வேண்டியிருக்கும். 2025-இல் வந்த புது மாடல் ஒய்யில் லிவர் இருக்கிறது. ஐரோப்பாவின் யூரோ என்கேப் பாதுகாப்புச் சோதனையும் 2026 முதல் இண்டிகேட்டர், ஹசார்ட், ஹாரன், வைப்பர், அவசர அழைப்பு ஆகிய ஐந்துக்கும் கையால் தொட்டறியும் கட்டுப்பாடு இருக்கிறதா என்று பார்க்கிறது. நல்ல திருப்பம்.

நம் சாலையில் இண்டிகேட்டருக்கு இன்னொரு மொழி

உளுந்தூர்பேட்டைப் பக்கம் இரவில் லாரிக்குப் பின்னால் போனவர்களுக்குத் தெரியும். லாரியின் வலது இண்டிகேட்டர் சிமிட்டும். ‘வழி விட்டாச்சு, ஓவர்டேக் பண்ணிக்கோ’ என்று ஓட்டுநர் சொல்கிறார். வேறு சிலர் அதையே இடது இண்டிகேட்டரால் சொல்வார்கள்: ‘நான் இடப்பக்கம் ஒதுங்கிக்கொள்கிறேன், நீ போ.’ முன்பு கையால் காட்டிய காலத்தில் இதற்குத் தனிச் சைகை இருந்தது. 1989-இல் வந்த சாலை விதிமுறைகளின்படி வலக்கையை வெளியே நீட்டி முன்னும் பின்னும் அரைவட்டமாக ஆட்டினால் ஓவர்டேக் செய்யலாம் என்று பொருள். அந்தக் கையின் இடத்தை வலது இண்டிகேட்டர் எடுத்துக்கொண்டது போலத் தெரிகிறது. ஆனால் கை ஆடிய விதத்தில் இருந்த வேறுபாடு விளக்கில் இல்லை. ‘நீ வலப்பக்கம் வா’ என்பதற்கும் ‘நான் வலப்பக்கம் வருகிறேன்’ என்பதற்கும் அங்கே ஒரே அடையாளம்.

ஆகவே முன்னால் போகும் லாரியின் வலது இண்டிகேட்டரைச் சட்டப்படி உள்ள பொருளிலேயே எடுத்துக்கொள்ள வேண்டும்: அவர் வலப்பக்கம் வரப் போகிறார். லாரி இடப்பக்கம் ஒதுங்கி, வேகம் மாறாமல், முன்னால் சாலை காலியாக இருப்பது உங்கள் கண்ணுக்கே தெரிந்தால்தான் தாண்டலாம். கார் ஓட்டுபவர்கள் இந்த மரபைப் பின்பற்றவே கூடாது. காரின் வலது இண்டிகேட்டரை யாரும் அழைப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள் என்று நம்ப முடியாது.

இன்னொரு பழக்கம், மழையில் ஹசார்ட் போட்டுக்கொண்டு ஓட்டுவது. நான்கு விளக்கும் சேர்ந்து சிமிட்டும்போது, பெரும்பாலான கார்களில் லிவரைத் தட்டினாலும் வெளியே எந்த வேறுபாடும் தெரியாது. அதாவது பார்வை மிகக் குறைந்த நேரத்தில் லேன் மாறுவதை அறிவிக்கும் ஒரே வழியையும் அடைத்துவிடுகிறோம். மழையில் ஓடும் காருக்கு டிம் செய்த ஹெட்லைட்டும் டெயில் லைட்டும் போதும். ஹசார்ட் நின்றுபோன வண்டிக்கு.

கோளாறுகளும் காரணங்களும்

தட்டினால் சில நேரம் சிமிட்டுகிறது, சில நேரம் ஒருமுறை மட்டும் எரிந்து நிற்கிறது என்றால், லிவருக்குப் பின்னால் இருக்கும் காம்பினேஷன் சுவிட்சின் தொடர்பு தேய்ந்திருக்கலாம். முழுக்கத் தள்ளினால் ஒழுங்காக எரிந்து, தட்டினால் மட்டும் தகராறு செய்தாலும் அதே இடத்தைத்தான் முதலில் பார்க்க வேண்டும். அதற்கு முன் செட்டிங்ஸில் வசதி நிறுத்தப்பட்டிருக்கிறதா என்று ஒரு பார்வை. பேட்டரி கழற்றி மாட்டிய பிறகு சில கார்களில் அமைப்புகள் பழைய நிலைக்குப் போய்விடும்.

முனையில் திரும்பிய பிறகு ஒரு பக்கம் மட்டும் அணையவில்லை, அல்லது சீக்கிரமே அணைந்துவிடுகிறது என்றால், அண்மையில் ஸ்டீயரிங்கைக் கழற்றி வேலை பார்த்தார்களா என்று யோசியுங்கள். வளையத்தின் புடைப்பு நடுவிலிருந்து விலகி மாட்டப்பட்டிருக்கும், அல்லது பிளாஸ்டிக் நாக்கு உடைந்திருக்கும். ஏர்பேக் அந்த இடத்தில்தான் இருக்கிறது. வீட்டில் திறந்து பார்க்கும் வேலை இல்லை.

மிகவும் கவலைப்பட வேண்டியது எல்.இ.டி. பல்பு மாற்றியவர்கள்தான். இண்டிகேட்டரில் கம்பெனி போட்டுத் தருவது பெரும்பாலும் 21 வாட் ஆம்பர் பல்பு. அந்த அளவு மின்சாரம் ஓடவில்லை என்றால் பல்பு போய்விட்டது என்று வண்டி எடுத்துக்கொண்டு, உங்களுக்குத் தெரிவிப்பதற்காக ஏறக்குறைய இரட்டிப்பு வேகத்தில் சிமிட்டும். சில வாட் மட்டுமே எடுக்கும் எல்.இ.டி.யை மாட்டினாலும் அதே கதி. இப்போது தட்டின் கணக்கைப் பாருங்கள். பெட்டி எண்ணுவது விநாடியை அல்ல, சிமிட்டலை. நிமிடத்துக்கு 180 என்ற வேகத்தில் மூன்று சிமிட்டல் 0.8 விநாடியில் முடிந்துவிடும். 80-இல் போகும் கார் அதற்குள் 18 மீட்டர்தான் கடந்திருக்கும். நிமிடத்துக்கு 120 என்ற சட்ட வரம்பையும் தாண்டியாகிவிட்டது.

இதைச் சரிசெய்யக் கடைகளில் 6 ஓம், 50 வாட் ரெசிஸ்டரை இணையாகக் கோத்துத் தருவார்கள். 13.5 வோல்ட்டில் அதன் வழியே இரண்டேகால் ஆம்பியர் ஓடும். எரியும் ஒவ்வொரு முறையும் 30 வாட் வெப்பமாகும். விளக்கின் பின்புற பிளாஸ்டிக்கிலோ வயர்க் கட்டின் மேலோ அதை டேப் போட்டு ஒட்டினால், நீண்ட சிக்னலில் நிற்கும்போது பிளாஸ்டிக் இளகும், வயரின் உறை கருகும். மாட்டியே ஆக வேண்டும் என்றால் உலோகப் பரப்பில், வயரிலிருந்து விலக்கி, திருகால் இறுக்க வேண்டும். அதைவிட, பழைய 21 வாட் ஆம்பர் பல்பையே திரும்ப மாட்டிவிட்டு, தட்டிப் பார்த்துக் கைக்கடிகாரத்தில் நேரம் எண்ணிக்கொள்வது நல்லது. மூன்று சிமிட்டலும் முடிய ஒன்றரை முதல் இரண்டு விநாடி ஆனால் பெரும்பாலும் சரி.